தரங்கம்பாடியில் மணலிலெழுதிய பாதிரியார்

சீகன்பால்கு ஐயர் என்னும் பெயரைக் கேளாத ஆசிரியர் நம்மவருள் அரியர். புதிய ஏற்பாட்டைத் தமிழிலே மொழிபெயர்த்து அச்சிட்டவர் அவரென்பது யாவரும் அறிந்தது. யாம் சிறுபிராயத்திற் படித்த பாதிரிமார் பாடசாலையிலும் அவர் சரித்திரம் அவ்வளவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அவர் போதித்த வரலாற்றைப் பலகாற் கேட்டேம். அவர் படித்த வரலாற்றை ஒருவரும் எமக்குச் சொன்னாரல்லர். பிற்காலத்தில் யாமே நூல்களைத் தேடிப் படித்தபொழுதுதான், தமிழ்ப் பிள்ளைகளோடு தரையிலிருந்து அகரம் எழுதிய ஒரு மாணாக்கரைக் கண்டேம். அம்மாணாக்கரைப்பற்றியே ஈண்டு எழுதப்புகுந்தேம்.

பர்த்தொலொமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டிலே, ஜெர்மனியைச் சேர்ந்த சக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தவர். இளமையிலேயே தாயையுந் தந்தையையும் இழந்தார். உடல்வலி குன்றியவராதலின் நோயினாற் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. ஹாலே நகரிலே பிராங்கே என்னும் பேராசிரியரிடத்துச் சிலகாலம் பாடங்கேட்டார். சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி அக்காலத்தில் டென்மார்க்கு தேசத்தாரின் வியாபாரத் தலமாயிருந்தது. அத்தேசத்தரசராகிய நாலாம் பிரெடரிக்கு அவ்விடத்துக்குப் போதகரை அனுப்பக் கருதி ஜெர்மனியிலே ஆள் தேடுவித்தபொழுது, சீகன்பால்கும் அவர் தோழர் புளூச்சௌ என்பவரும் உடன்பட்டனர். 1705 நவம்பரிலே கப்பலேறி, 1706 ஜூலை 9ஆந் தேதி கரையிறங்கினர். சீகன்பால்குக்கு அப்பொழுது வயசு 24 அளவு.

அரசரால் அனுப்பப்பட்டும் அவர்கட்குக் கோட்டையிலே வரவேற்பு இல்லை. அங்கே தலைவராயிருந்த ஹாசியுஸ் என்பவர், போதகர் வரவு வியாபாரத்துக்கு இடையூறாமென்று எண்ணினார். காலை தொடங்கி மாலைவரையும் காக்கவைத்து, ஈற்றிலே கடைவீதியில் விட்டுவிட்டுப் போயினார். இரங்கிய ஒருவர் தங்க இடம் ஏற்படுத்தினார். அந்நியதேசத்திலே அவர்க்கு நேர்ந்த முதற்பகை நம்மவரால் நேர்ந்ததன்று, அவருடைய சமயத்தாரே செய்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

துறைமுகத்திலே ஐரோப்பியரோடு பழகினவர்கள் ஒருவகைக் கொச்சைப் போர்த்துக்கீசைப் பேசினர். இருவரும் முன்னர் அதனைக் கற்றனர். பின்பு புளூச்சௌ அதனையே மேற்கொள்ள, சீகன்பால்கு தமிழை மேற்கொண்டார். கற்பதற்கு இலக்கண நூலோ அகராதியோ தொடக்கத்தில் அவர் கைக்கு எட்டவில்லை. ஆதலால் எழுபது வயசளவான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிற்கே வந்து பள்ளி நடத்தும்படி வேண்டிக்கொண்டார். வாத்தியாரும் இசைந்தார். பிள்ளைகள் நிலத்திலிருந்து மணலைப் பரப்பி விரலால் எழுத, பாதிரியாரும் அவர்களோடு ஒக்கவிருந்து எழுதினார். வாத்தியார்க்குத் தமிழன்றிப் பிறிதொரு பாஷை தெரியாது. ஆகவே சின்னாட்களில் எழுத்துக்கள் படிந்தன. பொருள் ஒன்றும் விளங்கவில்லை.

கலாசாலையிற் படித்தவர், அரசர் ஆணையோடு வந்தவர், ஐந்து வயசுப் பிள்ளைக்குப் பக்கத்திலே சப்பாணி கொட்டியிருந்து உயிரெழுத்தை மணலில் எழுதி அழித்து மீட்டும் எழுதினார். எம்மிடத்திலே முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். தெரியாததைத் தெரியாதென்று ஒப்பி முதலிலிருந்து தொடங்கினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாமும் அவ்வெண்ணிக்கையிலே சேர்வோமா என்பது ஐயம்.

பொருளை விளக்குதற்கு அழகப்பர் என்பவர் வந்தார். அவர் முன்னே கம்பெனியில் துபாஷியாயிருந்தவர். போர்த்துக்கீசு, டேனிஷ், ஜெர்மன், ஒல்லாந்த பாஷைகளிற் பேசவல்லவர். ஓயாத கேள்விகட்கு ஓயாது விடைசொன்னவர் அவரே. இவ்வுறவினால் அவர்க்குப் பின்னர் மிக்க துன்பம் நேர்ந்தது.

சீகன்பால்கின் நாட்கூறு 1708ஆம் ஆண்டிலே அவர் தம் தேசத்தார்க்கு எழுதிய கடிதமொன்றாற் புலப்படுகின்றது. காலை வழிபாட்டின்பின் ஏழுமணி முதல் எட்டுமணிவரை, முன் படித்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிச் சொல்லிக்கொள்வார். எட்டுமணி தொடங்கி நண்பகல்வரையும் தாம் முன் படித்திராத தமிழ்ச் சுவடிகளையே படிப்பார். பக்கத்திலே முதிய புலவர் ஒருவரும் எழுத்துக்காரர் ஒருவரும் இருப்பர். புலவர் பொருள் சொல்ல, எழுத்துக்காரர் புதுச்சொற்களையுந் தொடர்களையும் குறித்துக்கொள்வார். உண்டபின் வெப்பத்துக்கு அஞ்சிச் சிறிது இளைப்பாறுவார். இரண்டுமணிக்குப் பிள்ளைகளுக்கு வேதபாடம். மூன்று முதல் ஐந்துவரை மீட்டுஞ் சுவடி. மாலையில் வழிபாடும் தோழரோடு அளவளாவுதலும். இரவிலே விளக்கொளியிற் சுவடியெழுத்தைப் படிக்கக் கண் இடங்கொடாமையால், ஒருவரை உரக்கப் படிக்கச்செய்து கேட்பார். ஓசையும் நடையும் நாவிற் படியுமட்டும் ஒரே பகுதியைப் பன்முறை படிப்பிப்பார். இங்ஙனம் ஒருநாளிற் சற்றேறக்குறைய ஏழுமணிநேரம் தமிழுக்கே சென்றது. இரண்டாண்டில் அவர் தொகுத்த சொற்கள் இருபதினாயிரம். செய்யுட்சொற்களுக்கு வேறொரு தொகுதியுஞ் செய்தார். மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு பயிற்சி வேண்டுமென்பதை இக்காலத்திற் சிலர் நம்புகின்றிலர்.

சுவடிகளைத் தேடிப் பல ஊர்களுக்கும் ஆள் அனுப்பினார். கற்றோர் இறந்துபோன வீடுகளிலே அவர் மனைவிமாரிடம் எஞ்சியிருந்த ஏடுகளை விலைக்கு வாங்குவித்தார். 1708இலே தம்மிடத்துள்ள நூல்கட்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் இந்நாட்டவர் செய்த தமிழ் நூல்கள் 119 குறிக்கப்பட்டன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே அவர் ஜெர்மன் பாஷையிற் பெயர்த்த நூல்கள் யாவையெனின் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்பன. நம் பாடசாலைகளிலே கீழ்வகுப்புப் பிள்ளைகள் நெட்டுருச் செய்யும் நூல்கள் அவை. வரும்பொழுது தமிழரைக் கல்வியொழுக்கம் இல்லாத காட்டுச்சனமென்று எண்ணி வந்ததாகவும், அவர் நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியதாகவும் அவரே எழுதியிருக்கின்றார்.

ஆயினும் அவர் நம் சமயத்தை நட்புக்கொண்டு படித்தாரென்று ஒருவரும் மயங்கற்க. மறுத்தற்பொருட்டே படித்தார். தொடக்கத்திலே ஊர்ப்புறக் கோயிலொன்றிற் புகுந்து, அங்கிருந்த உருவங்களுட் சிலவற்றை நிலத்திலே தள்ளியும் சிலவற்றின் தலைகளை உடைத்தும் வைராக்கியங் காட்டினார். அப்பொழுது அங்கு நின்ற வாத்தியார் ஒருவர் சினந்து பேசாமல், அவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவல்வீரர் உருவங்களேயென்று எடுத்து விளக்கினர். இச்செயலையும் அவ்விடையையும் பாதிரியாரே மறையாது எழுதிவைத்தார். செய்தது பெரும்பிழை. மறைக்காதது அவர் நேர்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லுதலே முறை.

இனி, நம்மவர் நெஞ்சைச் சுடுவதொன்று உண்டு. மணலில் எழுதக் கற்பித்த அம்முதியவரின் மகனும் வாத்தியாரே. கணபதி வாத்தியார் என்பது பெயர். செய்யுள் செய்யவும் வல்லவர். அவர் பாதிரியாரோடு பழகி, 1709இலே ஞானஸ்நானம் பெற்றார். சுற்றத்தார் தடுத்தும் பயனில்லை. தமிழைக் கொடுத்த தந்தை மைந்தனை இழந்தார். இக்கதையைக் கேட்டவுடன், அம்முதியவர் கற்பிக்க மறுத்திருத்தல் வேண்டுமென்று சிலர் சொல்வர். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே சொன்னேம். இப்பொழுது அங்ஙனஞ் சொல்ல மனம் துணிகின்றிலது. கற்க வந்தவனுக்குக் கற்பித்தல் ஆசிரியன் கடன். நாவலரவர்களும் பார்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவரே. அவ்வனுபவமே பின்னர் அவர்க்குப் படையாயிற்று. முதியவரிடத்திலே குறை உண்டாயின், அது பிறன் பிள்ளைக்குக் கற்பித்ததன்று. மகனார் அயலாரிடம் கேட்கும்படி விட்ட கேள்விகளுக்குத் தம் வீட்டிலேயே விடைசொல்லாதது ஆகலாம். அதுவும் எமது ஊகமே.

துன்பங்களும் குறைவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பணப்பெட்டி கரைசேருமுன் கடலில் ஆழ்ந்தது. ஏழை விதவையொருத்தியின் வழக்கிலே தலையிட்டமையால், 1708 நவம்பரிலே ஹாசியுஸ் அவரைக் கோட்டையிலே சிறையிட்டார். நான்கு மாசங்கள் சிறையிருந்தார். எழுதுகருவிகள் முதலில் மறுக்கப்பட்டன. கிடைத்தபின் அங்கிருந்தே நூல்கள் எழுதினார்.

அச்சு வேலை பலரும் அறிந்ததாதலின் சுருக்கிச் சொல்வேம். மொழிபெயர்ப்பு 1708இலே தொடங்கி 1711இலே முடிந்தது. இலண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சியந்திரத்தை அனுப்பிற்று. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வார்ப்பிக்கப்பட்டு வந்தன. அவை பருத்திருந்தமையாற் சிறிய எழுத்துக்களை அவ்விடத்திலேயே வார்த்தனர். 1715இலே புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. தரங்கம்பாடியில் நடத்திய பள்ளிகளிலே பெண்பிள்ளைகட்கு 1707இலேயே தனிப்பள்ளி தொடங்கியதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளல் தகும்.

1713இலே அவர் தமிழர் வணங்குந் தெய்வங்களின் வமிசாவளியைப்பற்றி ஒரு பெருநூலை ஜெர்மன் பாஷையில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். நம் நூல்களையும் நம்மவர் எழுதிக்கொடுத்த விடைகளையும் ஆதாரமாகக் கொண்டு செய்தது அது. அங்கே பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர் அதனை ஐரோப்பாவிலே பரப்புதல் தகாதென்பது அவர் கருத்து. சீடர் கடல்கடந்து போய்ப் பிறர் திண்ணையிலிருந்து கற்றதைக் குருவினாற் கேட்க இயலவில்லை.

1714இலே ஐரோப்பாவுக்குப் போம்வழியிற் கப்பலிலேயே தமிழிலக்கணமொன்றை இலத்தீனில் எழுதினார். மலையப்பர் என்னுந் தமிழர் உடன்சென்று உதவினார். 1716இலே அது ஹாலேயில் அச்சாயிற்று. அவ்வாண்டே மணம்புரிந்து தரங்கம்பாடிக்கு மீண்டார். பின்பு கோபன்கேகனிலிருந்த மிஷன் மேலாளர், போதகர் கட்டடமும் பள்ளியும் எழுப்புதல் தவறென்றும், ஒன்றுமின்றி ஊரூராய்ச் செல்லுதலே நெறியென்றுங் கண்டித்து எழுதிய கடிதங்கள் அவர் மனத்தை உடைத்தன. ஏற்கெனவே மெலிந்த உடல் தாங்கவில்லை. 1719 பெப்ரவரி 23ஆந் தேதி, தமது 36ஆம் வயசிலே இறந்தார். முந்தின ஆண்டு தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் என்னும் ஆலயத்தினுள்ளே அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வாலயம் இன்றும் தரங்கம்பாடியிலே இருக்கின்றது.

ஹாலேயிலே கிடந்த வமிசாவளி நூல் 1867இலே சென்னையில் அச்சேறிற்று. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்பவற்றின் மொழிபெயர்ப்பு இன்னும் நெடுங்காலம் காத்திருந்து, 1930இலே ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாயிற்று. அவர் அதனை எழுதி அப்பொழுது 222 வருஷங்கள் கழிந்திருந்தன.