வீட்டுக்குள் வந்த குரல்!

1933-ம் ஆண்டு மார்ச் 12. ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்கா முழுவதும் மக்கள் குடும்பத்தோடு ரேடியோ பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்க அல்ல. வங்கியில் போட்ட பணம் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள! நாட்டின் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. எட்டு நாட்களுக்கு முன்பு பதவியேற்ற புதிய ஜனாதிபதி பேசப் போகிறார்.

அவர்தான் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நான்கு முறை வென்ற ஒரே மனிதர்!

செல்லப் பிள்ளை

ரூஸ்வெல்ட் 1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹைட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். தாய்க்கு ஒரே பிள்ளை. 14 வயது வரை ஆசிரியர்கள் வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தந்தார்கள். தபால்தலை சேகரிப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1905-ல் எலினாரைத் திருமணம் செய்துகொண்டார்.

1910-ல் நியூயார்க் மாநில மேலவைக்குத் தேர்வானார். 1920-ல் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதைவிடப் பெரிய அடி அடுத்த ஆண்டே விழுந்தது.

நடக்க முடியாத தலைவர்

1921-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கோடை விடுமுறைக்காகக் குடும்பத்தோடு கனடாவின் கேம்போபெல்லோ தீவுக்குப் போயிருந்தார் ரூஸ்வெல்ட். திடீரென்று காய்ச்சல் வந்தது. சில நாட்களில் கால்கள் செயலிழந்தன. மருத்துவர்கள் போலியோ என்றார்கள். அப்போது அவருக்கு வயது 39.

இனி அரசியல் வேண்டாம், வீட்டோடு இருந்துவிடு என்றார் தாய். மனைவி எலினாரோ, அவர் முடங்கிவிடக் கூடாது என்று உறுதியாக இருந்தார். ரூஸ்வெல்ட்டும் தளரவில்லை. கால்களில் இரும்புப் பட்டைகளை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையால் யாருடைய தோளையாவது பிடித்தபடி சில அடிகள் எடுத்து வைக்கப் பழகினார். 1928-ல் நியூயார்க் மாநில ஆளுநர் தேர்தலில் வென்றார்!

சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்களைப் பத்திரிகைகள் பெரும்பாலும் வெளியிடவில்லை. அதனால் அவரால் தனியே நடக்க முடியாது என்பதே பலருக்குத் தெரியாது.

பயம் போக்கிய பேச்சு

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை என்ற நிலை வந்தது. இந்தச் சமயத்தில் நடந்த 1932 தேர்தலில் ரூஸ்வெல்ட் வென்றார்.

வங்கிகள் ஆயிரக்கணக்கில் திவாலாகிக்கொண்டிருந்தன. போட்ட பணம் போய்விடுமோ என்று பயந்து, மக்கள் வங்கி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டால் நல்ல வங்கியும் விழுந்துவிடும் அல்லவா? எனவே ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை விட்டார். பிறகு ரேடியோவில் பேசினார்.

நாம் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. வீடு கட்டவும் தொழில் நடத்தவும் பிறருக்குக் கடனாகக் கொடுக்கிறது என்பதை எளிமையாக விளக்கினார். நல்ல நிலையில் உள்ள வங்கிகள் மட்டுமே மீண்டும் திறக்கப்படும். வீட்டில் ஒளித்து வைப்பதைவிட அங்கே பணம் பத்திரமாக இருக்கும் என்றார். பேச்சு சுமார் 14 நிமிடங்கள்தான். கேட்டவர்களோ சுமார் 6 கோடிப் பேர்!

மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. மீண்டும் வரிசை. ஆனால், இந்த முறை மக்கள் வந்தது பணத்தை எடுக்க அல்ல, திரும்பப் போட!

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இடத்துக்குக் கணப்பு என்று பெயர். வீட்டார் அங்கே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்ததால், அவரது ரேடியோ பேச்சுகளைக் கணப்பு உரைகள் என்று அழைத்தார்கள்.

பொய்த்த கணிப்பு

1936 தேர்தலில் பெரும்பாலான பத்திரிகைகள் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தன. லிட்டரரி டைஜஸ்ட் என்ற புகழ்பெற்ற பத்திரிகை 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் கருத்துக் கேட்டு, அவர் தோற்பார் என்று எழுதியது. ஆனால், அவர் 48 மாநிலங்களில் 46-ல் வென்றார்! கணிப்பு தவறியது ஏன்? தொலைபேசி, கார் வைத்திருப்பவர்களின் பட்டியல்களைப் பார்த்தே பெரும்பாலும் கருத்துக் கேட்டார்கள். ஏழைகளின் குரல் அதில் சரியாக ஒலிக்கவில்லை.

தலைவரின் தவறு

ரூஸ்வெல்ட் 1940, 1944 தேர்தல்களிலும் வென்றார். இரண்டாம் உலகப் போரில் நாட்டை வழிநடத்தினார். ஆனால், 1942-ல் அவர் போட்ட ஓர் உத்தரவால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். மக்களின் பயத்தைப் போக்கிய தலைவரே இங்கே பயத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். 1988-ல் அமெரிக்க அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது.

சிறுகாசு செய்த அற்புதம்

1938-ல் போலியோவை ஒழிக்க ரூஸ்வெல்ட் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்புங்கள் என்று ரேடியோவில் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. லட்சக்கணக்கில் நாணயங்கள் வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்தன.

1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, போர் முடியும் முன்பே ரூஸ்வெல்ட் மறைந்தார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1955 ஏப்ரல் 12 அன்று, ஒரு நல்ல செய்தி வந்தது. அந்த அமைப்பின் உதவியோடு ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி வெற்றி!

குழந்தைகளே, அதே காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லரும் ரேடியோவில் பேசினார், வெறுப்பை வளர்த்தார். கருவி ஒன்றுதான். அதில் யார் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்று யோசித்துக் கேட்பது நம் கையில் இருக்கிறது!