பைபிளைத் தமிழாக்க உதவிய சைவர்: ஆறுமுக நாவலர் அந்தப் புத்தகத்தை எப்படி வாசித்தார்?

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் கந்தசுவாமி கோயிலுக்கு நீங்க போயிருக்கலாம். மலாயாவுக்கு வேலை தேடி வந்த இலங்கைச் சைவர்கள் எழுப்பிய கோயில் அது. அதே வட்டாரத்தில், தமிழில் ஆராதனை நடக்கும் தேவாலயங்களும் இருக்கின்றன. இந்த இரண்டு இடங்களின் வரலாற்றிலும் வரும் ஒரு பெயர் ஆறுமுக நாவலர். ஒரு பக்கம், யாழ்ப்பாணச் சைவ மறுமலர்ச்சியின் தலைவர். இன்னொரு பக்கம், தமிழ் பைபிள் ஒன்று உருவாகக் கைகொடுத்த தமிழறிஞர்.

ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருக்க முடியும்? செமினி, காஜாங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது வெறும் சரித்திரக் கேள்வி இல்லை. ஒரே குடும்பத்தில் பெரியப்பா கோயில் தலைவராகவும் சித்தப்பா சர்ச் பாஸ்டராகவும் இருப்பது நம்ம ஊரில் புதிதா என்ன? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு வசனத்தைப் போட்டு வம்புக்கு இழுத்தால், பதில் சொல்றதா, சும்மா இருக்கிறதா என்று நீங்களும் தயங்கியிருப்பீங்க. 170 ஆண்டுகளுக்கு முன் நாவலர் நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான்.

யார் இவர்?

ஆறுமுகம் 1822 டிசம்பர் 18ஆம் தேதி யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தார். தமிழ்ப் புலமை கொண்ட சைவக் குடும்பம். திண்ணைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் படித்த பையன், ஆங்கிலம் கற்க வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளிக்குப் போனார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதன் வழி வந்ததுதான்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் பீட்டர் பார்சிவல் பாதிரியார். தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தொகுத்த ஆங்கிலேயர். படிப்பு முடிந்ததும் ஆறுமுகத்தை அங்கேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார். தான் தலைமை ஏற்றிருந்த பைபிள் மொழிபெயர்ப்பு வேலைக்கும் அவரைச் சேர்த்துக்கொண்டார். அப்போது ஆறுமுகத்துக்கு 20 வயது ஒட்டி இருக்கும்.

நெற்றியில் திருநீறோடு வந்து பைபிளைத் தமிழாக்கிய இளைஞர், மதம் மாறவே இல்லை. பார்சிவலும் அதை ஒரு தடையாக நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியது நல்ல தமிழ்.

மொழிபெயர்ப்பு மேசையில் என்ன நடந்தது?

தமிழில் பைபிள் அப்போது புதிதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார். அதே நூற்றாண்டில் ஃபேப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு சபைகளில் ஆழமாக வேரூன்றி இருந்தது. யாழ்ப்பாணக் குழுவின் வேலை 1840களில் பல ஆண்டுகள் நீண்டது. புத்தகம் 1850இல் வெளியானது.

மொழிபெயர்ப்பவருக்கு மற்ற வாசகர்களுக்கு இல்லாத ஒரு கட்டாயம் உண்டு. புரியாத வரியைத் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு சொல்லிலும் நின்று முடிவெடுத்தே ஆகணும். கடவுளைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கோங்க. ஃபேப்ரிசியஸ் பராபரன் என்றார். கத்தோலிக்கர்கள் நீண்ட காலம் சர்வேசுரன் என்றார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்று கேட்கும் சொல் தேவன். திருவிவிலியத்தில் அது கடவுள். மூலத்தில் ஒரு சொல், தமிழில் நான்கு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சமய வரலாறு இருக்கிறது. மொழிபெயர்ப்பே ஒரு விளக்கம்தான் என்பதை நாவலர் கைவேலையாகவே கற்றார்.

அந்த 1850 பதிப்பு பரவலாக ஏற்கப்படவில்லை. பழகிய ஃபேப்ரிசியஸ் நடையிலிருந்து விலகிப் போகிறது என்ற எதிர்ப்பு இருந்தது. ஆனால் வீணாகவும் போகவில்லை. பின்னர் ஹென்றி பவர் தலைமையிலான குழு முந்தைய பதிப்புகளோடு இதையும் வைத்துக்கொண்டு வேலை செய்தது. 1871இல் முழுமையாக வந்த அந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் கிள்ளான் முதல் திருநெல்வேலி வரை பல சபைகளில் இன்றும் ஓதப்படுகிறது.

ஏன் வெளியேறினார்?

1847 டிசம்பர் 31, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். கூட்டம் கூட்டிப் பேசுவது, சாதாரண மனிதருக்குப் புரியும்படி சமயத்தை விளக்குவது: எல்லாம் மிஷனரிகளிடம் பார்த்த முறைதான். அடுத்த ஆண்டு பார்சிவலிடம் செய்த வேலையை விட்டார். அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னை போனபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கொடுத்தது.

1854இல் வந்தது சைவதூஷண பரிகாரம். சைவத்தின் மீது சொல்லப்படும் நிந்தனைகளுக்கு மறுப்பு என்பது பெயரின் பொருள். விளக்கு, தூபம், நீராடல், தீட்டு, விரதம், கோயில் எல்லாம் அஞ்ஞானம் என்று மிஷனரித் துண்டுப் பிரசுரங்கள் எழுதிவந்த காலம் அது. நாவலர் கோபத்தில் பைபிளைத் தூக்கி எறியவில்லை. அதைத் திறந்து அவர்களிடமே காட்டினார்.

யாத்திராகமத்தில் அணையாமல் எரியவேண்டிய விளக்கு இருக்கிறது, தூபபீடம் இருக்கிறது. உள்ளே போகும் ஆசாரியர்கள் கைகால் கழுவ வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. லேவியராகமம் எதைச் சாப்பிடலாம், எது தீட்டு என்று பட்டியல் போடுகிறது. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் அளவுகள் ராஜாக்கள் புத்தகத்தில் விரிவாக வருகின்றன. உங்கள் வேதத்தில் கடவுளே கட்டளையிட்ட சடங்கு, எங்கள் கோயிலில் நடந்தால் மட்டும் எப்படி இழிவாகும்? இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அதே நேரத்தில் ஐரோப்பாவில்?

நாவலர் யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பைபிளைப் பற்றி வேறு விதமான கேள்விகள் ஐரோப்பாவில் எழுந்தன. 1835இல் ஜெர்மனியில் டேவிட் ஸ்ட்ராஸ் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஆய்வு பெரிய புயலைக் கிளப்பியது. 1844இல் டிஷென்டார்ஃப் என்ற அறிஞர் சினாய் மலை மடத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஏடுகளைக் கண்டார். அந்தப் பிரதியில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. நாம் வழக்கமாக வாசிக்கும் கடைசி 12 வசனங்கள் அதில் இல்லை. இன்றைய பல பதிப்புகளில் அந்த இடத்தில் அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இருப்பதற்கு இதுபோன்ற பழைய பிரதிகள்தான் காரணம்.

பயப்பட ஒன்றுமில்லை. தமிழில் இதற்கு நல்ல சொல்லே இருக்கு: பாடபேதம். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு எது மூலப்பாடம், எது இடைச்செருகல் என்று பார்ப்பது. பரிமேலழகர் உரையோடு திருக்குறளை 1861இல் அச்சிட்ட நாவலருக்கும் சுவடிகளை ஒப்பிடும் வேலை அத்துபடி.

இன்னொரு வகை ஆய்வு, யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று கேட்கும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர் படைக்கப்படுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் வரிசை மாறுகிறது. வெள்ளக் கதையில் ஓரிடத்தில் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி, அடுத்த இடத்தில் சுத்தமான விலங்குகளில் மட்டும் ஏழேழு. பல கைகள் எழுதி, பின்னால் சேர்த்துத் தொகுத்த நூல் இது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் தடயங்கள் இவை.

அப்போ நாவலர் சொன்னது சரியா?

பாதி சரி என்று சொல்லலாம். அவர் காட்டிய சடங்குகள் எல்லாம் பைபிளில் உண்மையிலேயே இருக்கின்றன. அதை மறந்துவிட்டுக் கோயில் சடங்கைக் கேலி செய்தவர்களிடம் நேர்மைக் குறை இருந்தது.

ஆனால் அதே பைபிளில் ஏசாயாவும் ஆமோசும் நீதி இல்லாத பலிகளைக் கடுமையாகச் சாடுகிறார்கள். எபிரெயர் நிருபம் பழைய ஆலய முறையை, வரப்போகும் ஒன்றின் நிழல் என்று பார்க்கிறது. கிறிஸ்தவர்கள் நாவலருக்குப் பதில் தேடினால் அது இங்கேதான் கிடைக்கும். இன்றைய ஆய்வு சொல்லும் முக்கியமான விஷயமும் இதுதான்: பைபிள் ஒரே குரலில் பேசும் ஒற்றைப் புத்தகம் இல்லை, அது ஒரு நூலகம். ஆலயத்தைப் போற்றும் ஆசாரியர்களும் அதைக் கண்டிக்கும் தீர்க்கதரிசிகளும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். நாவலர் ஒரு குரலை எடுத்தார், மிஷனரிகள் இன்னொன்றை எடுத்தார்கள். ரெண்டு பேருமே தங்களுக்கு வேண்டிய பக்கத்தைத்தான் திறந்தார்கள்.

அவர் கேட்காத கேள்வி

நாவலர் தன் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. கோயில்களில் மிருக பலியை எதிர்த்தார். தன் சொந்த ஊரான நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம முறைப்படி நடக்கவில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆனால் அந்த ஆகமங்களை யார் எழுதினார்கள், எந்தக் காலத்தில், யாருக்குச் சாதகமாக என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அவை சிவன் அருளியவை. அந்த ஒழுங்குக்குள் இருந்த சாதி ஏற்றத்தாழ்வையும் அவர் ஏற்றுக்கொண்டார். அவர் திறந்த கல்விக் கதவு எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததைப் போற்றும்போதே இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். 1879 டிசம்பர் 5ஆம் தேதி, 57 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, அவர் யாழ்ப்பாணத்தில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

நீங்க வாசிக்கும்போது என்ன செய்யலாம்?

எஸ்பிஎம்முக்கு பைபிள் நாலெட்ஜ் பாடம் எடுப்பவராக இருந்தாலும், சும்மா தெரிஞ்சுக்க வாசிப்பவராக இருந்தாலும், நாவலர் வாழ்க்கையிலிருந்து சில பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வசனத்தைப் பார்த்தால் அதிகாரம் முழுவதையும் வாசிங்க. ஃபார்வர்டில் வரும் ஒற்றை வரி, பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் வசதிக்கு வெட்டிய வரி.

இரண்டு மொழி தெரிந்தது உங்களுக்கு ஒரு பலம். அதே பகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சொல் வேறுபடும் இடத்தில்தான் கேள்வி பிறக்கும். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீங்க.

லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களையும் கவனிங்க. தனக்கு முன்பே பலர் எழுதியிருப்பதையும், தான் விசாரித்து ஒழுங்குபடுத்தி எழுதுவதையும் அந்த ஆசிரியரே சொல்கிறார். விசாரித்து வாசிப்பது அந்தப் புத்தகத்துக்கு அந்நியமானது இல்லை. இப்படி வாசித்தும் நம்பிக்கையோடு இருப்பவர்கள் உண்டு, நம்பிக்கையை விட்டவர்களும் உண்டு. ஆய்வு அந்த முடிவை உங்களுக்காக எடுத்துத் தராது.

கடைசியாக ஒன்று. அடுத்தவர் வேதத்திடம் கேட்கும் கேள்வியை உங்கள் வீட்டு நூலிடமும் கேளுங்க. சித்தப்பாவின் பைபிளுக்கு ஒரு அளவுகோல், பெரியப்பாவின் புராணத்துக்கு இன்னொன்று என்றால் அது ஆய்வு இல்லை, கட்சி. நாவலர் மிஷனரிகளிடம் கேட்ட நியாயம் இதுதான். அவரே முழுதாகக் கடைப்பிடிக்காததும் இதுதான்.