சோயாபீன்ஸில் கார் பாடி: ஹென்றி ஃபோர்டின் முடியாத கனவு

முதியவர் ஒருவர் கோடாரியை ஓங்கி ஒரு காரின் டிக்கியை அடிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அவர் ஹென்றி ஃபோர்டு. வருஷம் 1940. அடிபட்டது இரும்பு இல்லை, பிளாஸ்டிக். கோடாரியின் கூர்முனையில் ரப்பர் உறை மாட்டியிருந்ததை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை!

1863-ல் மிச்சிகனில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்கவே இல்லை. 16 வயதில் டெட்ராய்ட்டுக்கு மெஷின் வேலைக்குக் கிளம்பிவிட்டார். 1908-ல் மாடல் டி வந்த பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் விளைச்சலுக்கு விலையில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். விட்டுவந்த வயலைத் தொழிற்சாலையோடு இணைக்க முடியுமா என்று யோசித்தவர், சோயாபீன்ஸைக் கையில் எடுத்தார். 1941 ஆகஸ்டில் டியர்பார்னில் அந்தக் காரைக் காட்டினார். பாரத்தைத் தாங்க எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் வெறும் போர்வையாக 14 பிளாஸ்டிக் பேனல்கள். எடை சுமார் 900 கிலோ. இரும்பு பாடி காரைவிட ஏறக்குறைய 450 கிலோ குறைவு.

1942-ல் போருக்காக அமெரிக்காவில் கார் உற்பத்தியே நின்றது. செய்த ஒரே காரும் அழிக்கப்பட்டது. பேனலில் சோயா எவ்வளவு, வேறு என்ன நார் கலந்தது என்ற ஃபார்முலாவும் மிஞ்சவில்லை. கஞ்சாச் செடி கார் என்று இன்று சுற்றும் கதைகளுக்கு அதுதான் வசதி.

ஃபோர்டு 1947-ல் இறந்தார். ஆறே வருஷத்தில் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபைபர் கிளாஸ் பாடியோடு கொர்வெட்டை இறக்கியது. அதில் சோயா இல்லை.