குவாட்டர்பேக் இடத்தை விட்டுக்கொடுக்காத சாண்டி ஸ்டீவன்ஸ்

அமெரிக்கக் காற்பந்து நம் ஊர்த் திடலில் பார்க்கும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. பந்தை முதலில் வாங்கி, ஓடுவதா எறிவதா என்று முடிவெடுத்து அணியை நடத்துபவர் குவாட்டர்பேக்.

1950ஆம் ஆண்டுகளில் பெரிய கல்லூரி அணிகளில் அந்த இடம் பெரும்பாலும் வெள்ளையருக்கே போனது. கறுப்பின இளைஞர்களுக்கு வேகமாக ஓடத் தெரியும், யோசித்து அணியை நடத்தத் தெரியாது என்ற தப்பெண்ணம் ஊறிப் போயிருந்த காலம் அது. அதைத் திடலிலேயே பொய்யாக்கியவர் சாண்டி ஸ்டீவன்ஸ்.

1940இல் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த யூனியன்டவுன் ஊரில் அவர் பிறந்தார். மினசோட்டா பல்கலைக்கழகப் பயிற்றுநர் மரே வார்மத் அவரைக் குவாட்டர்பேக்காகவே ஆட வைத்தார். வார்மத் இனப்பிரிவினை நிலவிய தென்மாநிலமான டென்னசியில் பிறந்த வெள்ளையர்.

தொடக்கம் கசப்பாக இருந்தது. 1959இல் ஆடிய 9 ஆட்டங்களில் 7இல் தோற்று, மினசோட்டா தன் லீக்கில் கடைசி இடத்திற்குப் போனது. பயிற்றுநரை நீக்கக் கோரி ரசிகர்கள் கொதித்தனர். வார்மத் அசையவில்லை, ஸ்டீவன்ஸையும் மாற்றவில்லை.

மறு ஆண்டே நிலைமை தலைகீழானது. 1960 நவம்பரில், நாட்டின் முதல்நிலை அணியாக இருந்த அயோவாவை மினசோட்டா 27-10 எனத் தோற்கடித்தது. அப்பருவத்தின் தேசிய வெற்றியாளர் பட்டமும் கிடைத்தது. புத்தாண்டில் நடைபெற்ற புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் மட்டும் வாஷிங்டனிடம் தோல்வி.

அந்தக் கணக்கைத் தீர்க்க ஓராண்டில் வாய்ப்பு வந்தது. லீக்கில் முதலிடம் பெற்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியை அதன் பேராசிரியர் மன்றம் அனுப்ப மறுத்ததால், இரண்டாம் இடத்தில் இருந்த மினசோட்டாவுக்கு மீண்டும் அழைப்பு கிடைத்தது. 1962 ஜனவரி 1ஆம் தேதி, யுசிஎல்ஏ அணியை 21-3 என வென்றது. ஸ்டீவன்ஸ் தாமே ஓடி இரண்டு டச்டவுன் எடுத்து, ஆட்டத்தின் சிறந்த விளையாட்டாளராகத் தேர்வு பெற்றார். 1961ஆம் ஆண்டின் அனைத்து அமெரிக்கச் சிறந்த அணியில், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் குவாட்டர்பேக்காக இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே.

அதன் பிறகு தொழில்முறை அணிகள் அவரைத் தேடி வந்தன. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், நியூயார்க் டைட்டன்ஸ் இரண்டுமே அவரைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் குவாட்டர்பேக் இடத்தைத் தர இரண்டும் முன்வரவில்லை.

வேறு இடத்திற்கு ஒப்புக்கொண்டிருந்தால் அமெரிக்காவிலேயே பெயரும் பணமும் சேர்ந்திருக்கலாம். அவரோ கனடாவுக்குச் சென்று, மான்ட்ரியல் அலூவெட்ஸ் அணிக்குக் குவாட்டர்பேக்காக ஆடினார். பின்னர் நேர்ந்த கார் விபத்து உடலை முடக்கியது. மீண்டு வந்து கன்சஸ் சிட்டி அணியில் முயன்றும், அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் ஆனார். ஸ்டீவன்ஸின் ரோஸ் பௌல் வெற்றிக்குப் பின் 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம், 59ஆம் வயதில், ஸ்டீவன்ஸ் மாரடைப்பால் காலமானார். கல்லூரிக் காற்பந்தின் புகழ் மண்டபம் 2011இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் அணிந்த 15ஆம் எண் சட்டையை மினசோட்டா இப்போது வேறு யாருக்கும் தருவதில்லை.

திறமை உள்ள பிள்ளைக்கு உரிய இடத்தை மறுத்தால் இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆட்டத்திற்கும்தான். ஸ்டீவன்ஸின் வாழ்க்கை அதற்குச் சாட்சி.