குழந்தைகளின் இல்லம் கண்ட மாண்டிசோரி அம்மையார்



நம் தானா ராத்தாவைப் போலவே குளிரும் மூடுபனியும் சூழ்ந்த மலையூர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதுவே கோடைக்கானல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தாலிய மூதாட்டி ஒருவர் அங்கே தங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவர்தாம் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை அந்நாட்டார் விரும்பாத காலம் அது. ஆடவரோடு நின்று உடற்கூறு பயில்வது தகாது என்று, மற்றவர் சென்ற பின்னர் அவரைத் தனியே பயிலச் செய்தனர். அவர் தளரவில்லை. 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. கையால் தொட்டும் எடுத்தும் அடுக்கியும் பயிலும் கருவிகளை அமைத்து அவர்களுக்குக் கற்பித்தார். அவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வையே எழுதித் தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாருக்கோ வேறோர் ஐயம் எழுந்தது. இப்பிள்ளைகளே இவ்வளவு தேறுவார்களாயின், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்.

அந்த ஐயத்திற்கு விடை தேட 1907ஆம் ஆண்டில் வழி பிறந்தது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. விடிந்ததும் தாய் தந்தையர் வேலைக்குப் போய்விடுவர். சிறு பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களைக் கீறிப் பாழாக்குவர். பெற்றோர் பெரட்டுக்குப் போன பின் நம் தோட்டத்து லயன்களில் பிள்ளைகள் இருந்த நிலையை அறிந்த மூத்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை அமைத்தது போல, அங்கே கட்டடத்தின் உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கினர். சுவரைக் காப்பதே அவர்கள் நோக்கம்! அந்த அறைதான் 'குழந்தைகளின் இல்லம்' எனப் பெயர் பெற்றது.

ஏறத்தாழ 50 பிள்ளைகள் அங்கு வந்தனர். அவர்களைக் கவனித்தவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். பயிற்சிக் கல்லூரியில் பயின்று வந்த என் போன்றோர்க்கு இது சற்றுக் கசக்கும் செய்தியே. எனினும் அது நன்மையாகவே முடிந்தது. பழைய முறைகளை அறியாத அப்பெண், அம்மையார் சொன்னவாறே பிள்ளைகளை உற்றுப் பார்த்து, கண்டவற்றை அப்படியே கூறினார். ஒருநாள் அலமாரியைப் பூட்ட மறந்தார். மறுநாள் அவர் வருவதற்குள் பிள்ளைகள் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே எடுத்து அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். திருட்டு என்று அப்பெண் சினந்தார். தமக்கு எது வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர் என்று அம்மையார் மகிழ்ந்தார். அன்று முதல் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பூட்டில்லாத தாழ்ந்த அலமாரிகள் வந்தன. மேசை நாற்காலிகளும் அவர்கள் தூக்கி நகர்த்தும் அளவில் சிறியனவாகச் செய்யப்பட்டன.

மற்றொரு நாள் மூக்கைத் துடைப்பது எப்படி என்று கைக்குட்டையைக் கொண்டு பாடம் நடத்தினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாடம் முடிந்ததும் மகிழ்ந்து கைதட்டினர். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தனர். துடைக்கக் கற்றுத் தந்தவர் ஒருவருமில்லை. குளிர் மிகுந்த நம் மலையில் இந்தப் பாடத்தின் அருமை நமக்கு நன்கு புரியும்.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினர். எழுதும்படி எவரும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் மொட்டை மாடியில், அம்மையார் ஒரு சிறுவனிடம் புகைபோக்கியின் படத்தைச் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னார். வரைந்தவன், திடீரென்று தரையில் சொற்களை எழுதத் தொடங்கினான். தன்னால் எழுத முடிகிறது என்று துள்ளிக் குதித்தான். அவனைக் கண்டு மற்றவரும் எழுதத் தொடங்கினர். தொழிலாளர் பிள்ளைகள் படிப்புக்கு உதவார் என்ற பேச்சு அங்கே பொய்த்தது. நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும், பிள்ளை எதைக் கற்றான் என்று கேட்கும் பெற்றோரைவிட எத்தனை மதிப்பெண் என்று கேட்பவரே மிகுதி. அவர்கள் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

பிற்காலத்தில் முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அடுத்த ஆண்டில் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகைநாட்டார் ஆயினர். மகனைச் சிறைமுகாமில் வைத்தனர். அம்மையாரை அடையாற்றை விட்டு நீங்கலாகாது எனத் தடுத்தனர். அவருடைய எழுபதாம் பிறந்தநாளில்தான் மகன் திரும்பி வந்தார்.

பின்னர் இருவரும் கோடைக்கானல் சென்றனர். செடி கொடிகள், பூச்சிகள், கற்கள் யாவும் அங்கே பாடப்பொருள்களாயின. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடிப் பயின்றனர். ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளுக்குரிய கல்வி முறை அம்மலையில்தான் நன்கு உருப்பெற்றது.

போர் முடிந்து ஐரோப்பா திரும்பிய அம்மையார், முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. 1952 மே 6ஆம் நாள், ஆலந்து நாட்டின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், 81ஆம் வயதில் உயிர் நீத்தார். ஆப்பிரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது பற்றி அந்நாள்களில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.