டீசல் என்றொரு மனிதர்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி சங்கத்தில் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர்தான். கைபிடி போட்டுச் சுற்றி அதை ஸ்டார்ட் பண்ணுவது என்னுடைய வேலை. டீசல் ஒரு மனிதரின் பெயர் என்று உயர்தரம் படிக்கும்போதுதான் அறிந்தேன். அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

ருடோல்ஃப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்தார். தாய் தகப்பன் ஜேர்மன்காரர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டதும் குடும்பம் வெளியேற வேண்டி வந்து இலண்டனுக்குப் போனது. 12 வயதுப் பிள்ளையை ஜேர்மனியில் அவுக்ஸ்பேர்க்கில் இருந்த உறவினரிடம் தனியாக அனுப்பினார்கள். எங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை புதிது? பின்பு மியூனிச்சில் பொறியியல் படித்தார்.

காற்றை மிக இறுக்கி நெரித்தால் அது கடுமையாகச் சூடேறும், அதற்குள் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றும். இதுதான் அவருடைய எஞ்சின். ஆனபடியால் நிற்கிற எஞ்சின் தானாகத் தொடங்காது, காற்றை நெரிக்க யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். பிஸ்டனின் நாலு ஓட்டத்தில் ஒன்றுதான் பலம் தருவது. மற்ற மூன்றையும் கடத்திவிடுவது பிளைவீல் என்ற பாரச் சில்லு. வால்வு திறப்பதும் எண்ணெய் பாய்வதும் ஒரு பக்கச் சுற்றுக்கே ஒழுங்கு செய்யப்பட்டிருப்பதால், தொடங்கிய பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். வேகம் போதாமல் கையைத் தளர்த்தினால் நெரிந்த காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், கைபிடி பின்னுக்கு அடிக்கும். என் மணிக்கட்டு அதற்குச் சாட்சி.

1893இல் அவுக்ஸ்பேர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் வெடித்து, அழுத்தம் அளக்கும் கருவி சிதறியது. அவர் விடவில்லை. 1894 பெப்ரவரி 17ஆம் திகதி, வழக்கம்போல தொழிற்சாலையின் பெல்ட்டைக் கொண்டு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென பெல்ட்டின் தளர்ந்திருந்த பக்கம் இறுகி இழுபடுவதைப் பக்கத்தில் நின்ற தொழிலாளி கண்டார். இனி பெல்ட் எஞ்சினைச் சுற்றவில்லை, எஞ்சின்தான் பெல்ட்டை இழுக்கிறது! அவர் பேசாமல் தொப்பியைக் கழற்றினாராம். ஒரு நிமிடமளவில்தான் ஓடியது. நானும் மெஷினோடு நிற்கிறவன், அந்த மனிதரின் மனம் எனக்கு விளங்கும்.

1897இல் எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தை வேலையாக்கிக் காட்டினார். நல்ல நீராவி எஞ்சின்களே அதில் பாதியை எட்டுவது கடினம். பேரும் காசும் வந்தன, பிறகு நோயும் கடனும்.

1913 செப்டெம்பர் 29ஆம் திகதி இரவு, சிறுவனாக அகதியாய்ப் போன அதே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காலையில் அறையில் ஆள் இல்லை, படுக்கையில் படுத்த அடையாளமும் இல்லை. விழுந்தாரா குதித்தாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. சில நாட்களின் பின் மாலுமிகள் கடலில் ஒரு உடலைக் கண்டு, சட்டைப்பையில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தச் சாமான்களைப் பார்த்துத்தான் மகன் தகப்பனை அடையாளம் சொன்னார்.