வழியனுப்பி வைத்த ஊர்
(புக்கர் டி. வாஷிங்டன் வாழ்க்கை வரலாறு)

பெற்ற பிள்ளையைப் படிப்பிற்காக அயலூருக்குத் தனியே அனுப்பி வைப்பது எளிய செயலன்று. வசதி படைத்தோர் வீட்டில் அது பிரிவுத் துயரம் மட்டுமே. வறியவர் வீட்டிலோ அது பிரிவுத் துயரத்தோடு ஒருவருடைய கூலியின் இழப்பும் ஆகும். தம்மவர் எவரும் முன்பு சென்றறியாத வழியில் பிள்ளையை விடுகின்ற அச்சமும் ஆகும். முப்பதாண்டுகளாக ஆசிரியப் பணியாற்றி வரும் யான், ஒவ்வோராண்டும் பள்ளி திறக்கும் நாளில் மாணவர் விடுதி வாயிலில் இக்காட்சியைக் கண்டு வருகிறேன். துணிப்பையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணீரை முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பும் தாய்மாரைக் காணுந்தோறும் என் நினைவிற்கு வருபவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்விக்கு உழைத்த புக்கர் டி. வாஷிங்டன் ஆவார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அப்பெரியாரின் வரலாற்றை நம் இளைஞர்கட்கு எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறேன்.

புக்கர், 1856ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணையொன்றில் அடிமையாகப் பிறந்தார். அன்னை ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி அவரைப் பற்றிப் புக்கர் வேறொன்றும் அறியார். ஜான் என்னும் அண்ணனும் அமாண்டா என்னும் தங்கையும் உடன்பிறந்தோர். 1865ஆம் ஆண்டில் விடுதலை கிடைத்ததும், மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊரிலிருந்த மாற்றாந்தந்தையிடம் அக்குடும்பம் போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான கல் தொலைவைப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே கடந்தனர்.

விடுதலை கிடைத்தும் வறுமை விடவில்லை. சிறுவன் புக்கர் உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலைக்கு விடப்பட்டான். மாற்றாந்தந்தையின் உப்புப் பீப்பாய்களில் இடப்பட்ட 18 என்னும் எண்ணே அவன் முதன்முதலிற் கற்ற எண். எழுத்தறியாத அன்னை எங்கிருந்தோ ஓர் எழுத்துப் பாடநூலைத் தேடிக் கொணர்ந்து மகனிடம் கொடுத்தாள். விடியலில் ஆலை வேலை, அதன்பின் பள்ளி, பள்ளி விட்டதும் மீண்டும் வேலை என்று அவன் படிப்புத் தொடங்கிற்று. பள்ளியில் ஏனைய பிள்ளைகள் தொப்பி அணிந்து வந்தனர். கடன்பட்டுக் கடைத்தொப்பி வாங்க விரும்பாத அன்னை, முரட்டுத் துணித்துண்டுகள் இரண்டை இணைத்துத் தன் கையாலேயே தொப்பி தைத்துக் கொடுத்தாள். பிற்காலத்தில் எத்தனையோ தொப்பிகள் அணிந்த அவர், அதற்கு ஈடாக எதனையும் எண்ணவில்லை.

பின்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கையில், கறுப்பின மாணவர்க்கென வர்ஜீனியாவில் ஒரு பெரிய பள்ளி இருப்பதாகவும், ஏழைகள் உழைத்துக்கொண்டே அங்குப் படிக்கலாம் என்றும் இருவர் பேசிக்கொண்டது அவன் செவியில் விழுந்தது. அதுவே 1868ஆம் ஆண்டில் தோன்றிய ஹாம்ப்டன் கல்வி நிலையம். அவ்விடம் எங்குள்ளது, எத்தனை தொலைவு, எவ்வளவு செலவாகும் என ஒன்றும் அறியாமலே அங்குச் செல்வதெனச் சிறுவன் உறுதி கொண்டான்.

1872ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் புறப்படும் வேளை வந்தது. அப்போது அவன் வயது 16. ஏறத்தாழ 500 மைல் பயணம். அன்னைக்கோ உடல் நலமில்லை. மகன் நடவாத ஒன்றை நாடிப் போகிறானோ என்னும் அச்சம் அவளை வாட்டிற்று. அரைமனத்தோடுதான் அவள் இசைந்தாள். ஆயினும் பிரிகின்ற பொழுதில் அவள் கலங்காது நின்றாள். அவளை மீண்டும் உயிரோடு காண்போமா என்னும் ஐயம் மகன் நெஞ்சிலும் இருந்தது.

வழிச்செலவுக்குப் பணமில்லை. அவன் ஈட்டியதில் பெரும்பகுதியைக் குடும்பம் உண்டு தீர்த்திருந்தது. சுரங்கத்தில் உழைத்த அண்ணன் ஜான், குறைந்த கூலியிலும் இயன்றதைக் கொடுத்தான். அவ்வூரின் முதிய கறுப்பின மக்கள் ஒவ்வொருவராக வந்தனர். ஒருவர் ஐந்து சென்ட் நாணயம் கொடுத்தார். ஒருவர் கால் டாலர் கொடுத்தார். காசில்லாதவர் ஒரு கைக்குட்டை கொடுத்தார்.

இளைஞர்களே, இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டைப் பிரிவதை அம்முதியோர் முன்னரும் அறிந்தவரே. அடிமைக் காலத்தில் ஒரு பண்ணையிலிருந்து வேறொரு பண்ணைக்குப் பிள்ளைகள் விற்கப்பட்டனர். தாய் கதறினாலும் கேட்பாரில்லை. போன பிள்ளை திரும்பியதும் அரிது. அத்தகையோர், தம் இனத்துப் பிள்ளையொருவன் எவராலும் விற்கப்படாமல், தானே விரும்பித் தங்கிப் படிக்கும் பள்ளிக்குச் செல்வதைக் கண்டனர். தம் வாழ்நாளில் காண்போம் என்று அவர்கள் எதிர்பாராத காட்சி அது. ஆகவே அந்நாணயம் தருமமன்று. தாங்கள் செல்ல இயலாத இடத்திற்குத் தம் சார்பில் அவனை அனுப்புவதற்காக அவர்கள் செலுத்திய பங்காகும்.

இரயிலிலும் குதிரை வண்டியிலுமாகப் பயணம் நடந்தது. வழியில் தங்கும் விடுதியொன்றில் நிறத்தைக் கண்டே இடம் மறுத்தனர். குளிர் தாங்க இரவெல்லாம் நடந்து திரிந்தான். ரிச்மண்டு நகரை அடைந்தபோது கையிற் காசில்லை. பலகை பாவிய நடைபாதையின் அடியிற் புகுந்து உறங்கினான். பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிப் பொருள் ஈட்டினான். 50 சென்டுடன் ஹாம்ப்டன் சேர்ந்தான். அழுக்குடையோடு நின்ற அவனை உடனே சேர்க்கத் தயங்கிய தலைமை ஆசிரியை, ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். அவன் மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தும் தூசு காணவில்லை. அதுவே அவனுக்கு நுழைவுத் தேர்வாயிற்று. படுக்கையில் இரு விரிப்புகளை எவ்வாறு பயன்படுத்துவது என்று அறியாத அச்சிறுவன், முதல் நாள் இரண்டின் கீழும், மறுநாள் இரண்டின் மேலும் படுத்தான். பின்னர்ப் பிற மாணவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அறியாமையை எண்ணி நாணி ஊர் திரும்பிவிடவில்லை.

முதலாண்டு விடுமுறையில் ஊர் செல்லப் பணமில்லை. இரண்டாமாண்டின் இறுதியில், 1874இல், அன்னையும் அண்ணனும் அனுப்பிய பணத்தோடு ஓர் ஆசிரியர் அளித்த உதவியும் சேர, வீடு வந்தார். ஆலையும் சுரங்கமும் ஓய்ந்திருந்த காலம் அது. வேலை தேடித் தொலைவிற் சென்றவர், திரும்பும் வழியில் களைப்பு மிகுந்து பாழடைந்த வீடொன்றில் இரவு தங்கினார். பின்னிரவில் அண்ணன் ஜான் தேடி வந்து, அன்னை இறந்த செய்தியைச் சொன்னான். இறுதிப் பொழுதில் அன்னையின் அருகிலிருக்க வேண்டுமென அவர் விரும்பியிருந்தார். அவளைச் சுகமாக வாழ வைக்கவும் எண்ணியிருந்தார். இரண்டும் நிறைவேறவில்லை.

கல்விக்கு நாம் கொடுக்கும் விலையில் இதுவும் ஒன்று. இதனை மறைத்துக் கூறுதல் முறையன்று.

அத்துயரோடு படிப்பை விட்டுவிடாமல் 1875ஆம் ஆண்டில் அவர் தேறினார். தேறியவர் மால்டனுக்கே திரும்பினார். பகலிலும் இரவிலும் பள்ளி நடத்தினார். தமக்காகச் சுரங்கத்தில் உழைத்த அண்ணன் ஜானை ஹாம்ப்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1881ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 30 மாணவர்களோடு கல்வி நிலையம் தொடங்கினார். அதற்குப் பொருள் திரட்டிய நாளில் எழுபது வயது மூதாட்டி ஒருத்தி கந்தல் உடையோடு வந்து, தான் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்பிற்கெனக் கொடுத்தாள். மால்டன் முதியோரின் நாணயத்தை அறிந்தவர்க்கு அம்முட்டைகளின் மதிப்பு விளங்காமற் போகுமா? 1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் டஸ்கீகியிலேயே மறைந்தார்.

அவர் கொள்கை முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. அரசியல் உரிமையைப் பின்னே வைத்துத் தொழிற்கல்வியை அவர் முன்னே வைத்ததை, அறிஞர் டு போய்ஸ் 1903ஆம் ஆண்டில் வன்மையாக மறுத்தெழுதினார். கல்வியும் உரிமையும் ஒருங்கே வேண்டுமெனப் போராடிய அண்ணல் அம்பேத்கரின் வழிநிற்கும் நமக்கு அம்மறுப்பின் நியாயம் புரியும். எனினும், அனுப்பி வைத்த ஊருக்குத் திரும்பி வந்து அடுத்தவரை அனுப்பிய அவர் கடமையுணர்வு எவராலும் மறுக்கவொண்ணாதது.

பெற்றோர்களே, அஞ்சுவது தவறன்று. அந்த அன்னையும் அஞ்சினாள், அஞ்சியும் வழிவிட்டாள். விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளே, உங்கள் பையில் உள்ள காசு உங்கள் தந்தையின் கூலி மட்டுமன்று. சந்தாவாகவும் நன்கொடையாகவும் தெருவினர் அளித்த காசும் அதில் உண்டு. வாரம் ஒருமுறையேனும் வீட்டாரோடு பேசுங்கள். தேறிய பின் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். வரும்போது, அடுத்துப் புறப்படும் பிள்ளைக்கு ஒரு நாணயத்தை எடுத்து வாருங்கள்.